ஒரே ஃபங்ஷனில் எல்லா டைப்பும் வருமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துகளின் வரிசை), வேண்டியது எண், தேதி என்று வேறொரு டைப். டைப்பின் இடத்தில் 'டி' என்று எழுதிவிட்டு, கூப்பிடும்போது உண்மையான டைப்பைச் சொல்லும் ஜெனரிக்ஸ் முறையில் இதற்கு ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதிவிட முடியாதா? திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். விலை, அளவு, நிறம், ஷிப்மென்ட் தேதி என்று எங்களுக்கு வந்து சேரும் எல்லாமே முதலில் ஸ்ட்ரிங்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா, சி ஷார்ப்பில் செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்க ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் எழுதினேன். பெயரைக் கொடுத்தால் மதிப்பை 'டி' டைப்பில் தர வேண்டும். உள்ளே கன்வர்ட்.சேஞ்ச்டைப் போட்டிருக்கிறேன். இன்ட், டெசிமல் எல்லாம் ஒழுங்காக வருகிறது. 'இன்ட்?' கேட்டால் இன்வேலிட்காஸ்ட் எக்ஸெப்ஷன் என்று பிழை வருகிறது. எனம் கேட்டாலும் அதேதான். எங்கே தப்பு?
ஒரு வாசகர், பெருந்துறை

'இன்ட்?' என்றால் காலியாகவும் (நல்) இருக்கக்கூடிய முழு எண், அதாவது நல்லபிள்; எனம் என்றால் நாமே பெயர் வைத்த சில மதிப்புகளின் பட்டியல். சேஞ்ச்டைப் ஏன் இப்படிப் பாதியில் கைவிடுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது ஐகன்வர்ட்டிபிள் என்ற இன்டர்ஃபேஸை, அதாவது ஒரு டைப் தர வேண்டிய மெத்தடுகளின் ஒப்பந்தத்தை, நம்பி ஓடுகிறது. 2002-ல் டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்தது அது. பூலியன், இன்ட், டபுள், டெசிமல், டேட்டைம் என்று ஒரு குறிப்பிட்ட பட்டியல். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு மெத்தட். ஜெனரிக்ஸும் நல்லபிளும் 2005-ல் சி ஷார்ப் 2.0-ல்தான் வந்தன. முன்னால் எழுதி முடித்த பட்டியலுக்குப் பின்னால் பிறந்த நல்லபிளைத் தெரியாது. குயிட் (தனி அடையாள எண்) தெரியாது, டைம்ஸ்பேன் (கால அளவு) தெரியாது, நீங்கள் நேற்று எழுதிய எனம் எப்படித் தெரியும்?

'ஸ்ட்ரிங்கை ஆப்ஜெக்ட் ஆக்கி, அங்கிருந்து டி-க்கு காஸ்ட் செய்தால் என்ன?' என்று அடுத்து தோன்றும். கம்பைலர் விட்டுவிடும். ஓட்டினால் அதே எக்ஸெப்ஷன். இப்படி ஆப்ஜெக்ட் வழியாகச் செய்யும் காஸ்ட், மதிப்பைத் தொடாமல் 'இது இந்த டைப்தான்' என்று மட்டும் சொல்வது. பருத்திப் பனியனில் 'பட்டு' என்று லேபிள் தைத்தால் பனியன் பட்டாகிவிடாது. '42' என்ற இரண்டு எழுத்துகளை எண்ணாக்க, எழுத்தெழுத்தாகப் படித்துக் கணக்குப் போடும் கோட் ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும். அதைத்தான் பார்ஸ் என்கிறோம். ஆகவே உங்கள் ஃபங்ஷனின் உண்மையான கேள்வி 'டி-க்கு எப்படி மாற்றுவது' என்பதல்ல. 'டி-க்கு உரிய பார்ஸ் எங்கே இருக்கிறது' என்பதுதான்.

இன்றைக்கே ஓட வேண்டுமென்றால் ஒட்டுப்போடலாம். நல்லபிள்.கெட்அண்டர்லையிங்டைப் மூலம் 'இன்ட்?'-க்குள் இருக்கும் இன்ட்டை எடுங்கள். ஸ்ட்ரிங் காலியாக இருந்தால் டிஃபால்ட்டைத் திருப்புங்கள், 'இன்ட்?'-க்கு அது நல். எனம் என்றால் எனம்.பார்ஸ், குயிட் என்றால் குயிட்.பார்ஸ் என்று இஃப் ஏணி ஒன்று வளரும். ஏணிக்கு முடிவே கிடையாது. புதிய டைப் வரும்போதெல்லாம் யாராவது வந்து ஒரு படி கட்ட வேண்டும்.

டைப்டிஸ்கிரிப்டர்.கெட்கன்வர்ட்டர் என்று இன்னொரு வழியையும் இணையத்தில் நிறையப் பேர் சொல்வார்கள். அது நல்லபிள், எனம், குயிட், டைம்ஸ்பேன் எல்லாவற்றுக்கும் வேலை செய்யும். பல வருடங்கள் அதுதான் நல்ல வழியாக இருந்தது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கன்வர்ட்ஃப்ரம்ஸ்ட்ரிங் அந்த மெஷினின் கல்ச்சரை, அதாவது எண்ணையும் தேதியையும் எழுதும் நாட்டு வழக்கத்துக்கான அமைப்பை, பார்த்துத்தான் படிக்கும்; எந்த மெஷினிலும் மாறாத இன்வேரியன்ட் கல்ச்சரில் படிக்கும் கன்வர்ட்ஃப்ரம்இன்வேரியன்ட்ஸ்ட்ரிங்கைக் கேட்பதே பாதுகாப்பு. இரண்டாவது, நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை: அதன் இன்ட் கன்வர்ட்டர், '#' என்று ஆரம்பிக்கும் ஸ்ட்ரிங்கை ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணாக எடுத்துக்கொள்ளும். விஷுவல் ஸ்டுடியோவின் ப்ராப்பர்ட்டி விண்டோ போன்ற இடங்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. பர்ச்சேஸ் ஆர்டரில் ஐட்டம் எண்ணை '#12' என்று ஒருவர் அடித்திருந்தால் உங்கள் டேட்டாபேஸில் 18 போய் உட்காரும். எக்ஸெப்ஷன் இல்லை, வார்னிங் இல்லை. சேஞ்ச்டைப் இதே '#12'-ஐ ஃபார்மட் எக்ஸெப்ஷன் போட்டுத் தள்ளிவிடும். கத்துகிற கோட்டைத் திட்டாதீர்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன். பேசாமல் தப்பாகப் படிக்கிற கோட்தான் பணத்தைக் கரைக்கும்.

இப்போது புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் என் பதில் ஒன்றே: ஐபார்ஸபிள் என்ற இன்டர்ஃபேஸ். 2022 நவம்பரில் டாட்நெட் 7-ம் சி ஷார்ப் 11-ம் வந்தபோது, இன்டர்ஃபேஸுக்குள் ஸ்டாட்டிக் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (டைப்பின் பெயரிலேயே கூப்பிடும் மெத்தட்) வைக்கும் வசதி வந்தது. அதற்கு முன்பு 'பார்ஸ் என்ற ஸ்டாட்டிக் மெத்தட் உள்ள டைப் மட்டும் வா' என்று கம்பைலரிடம் சொல்ல வழியே இல்லை. இன்ட்டுக்கும் டெசிமலுக்கும் டேட்டைமுக்கும் தனித்தனியாக பார்ஸ் இருந்தது; மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கயிறு இல்லை. இப்போது 'வேர் டி : ஐபார்ஸபிள்' என்று கன்ஸ்ட்ரெயின்ட் (டி-க்கான நிபந்தனை) எழுதிவிட்டு, உள்ளே டி.பார்ஸ் என்றோ, எக்ஸெப்ஷன் போடாமல் முடிந்ததா இல்லையா என்று சொல்லும் டி.ட்ரைபார்ஸ் என்றோ நேராகவே கூப்பிடலாம். ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போது டைப்பைத் துருவிப் பார்ப்பது) வேண்டாம், ஆப்ஜெக்ட் வேண்டாம், ஏணி வேண்டாம்.

'ஆனால் எனமும் நல்லபிளும் ஐபார்ஸபிள் இல்லையே' என்பீர்கள். உண்மை. அதற்குத் தனித்தனிப் பெயரில் இன்னும் இரண்டு சிறிய ஃபங்ஷன் எழுதுங்கள். தனிப் பெயர் எதற்கென்றால், கன்ஸ்ட்ரெயின்ட் மட்டும் மாறினால் சி ஷார்ப் அதை வேறு மெத்தடாக ஏற்றுக்கொள்ளாது. நல்லபிளுக்குக் கன்ஸ்ட்ரெயின்ட் 'ஸ்ட்ரக்ட், ஐபார்ஸபிள்'. எனத்துக்கு 'ஸ்ட்ரக்ட், எனம்'. இந்த எனம் கன்ஸ்ட்ரெயின்ட் சி ஷார்ப் 7.3-லிருந்தே உண்டு. எனம்.பார்ஸைக் கூப்பிட்ட பிறகு எனம்.இஸ்டிஃபைண்ட் வைத்து ஒரு முறை சரிபாருங்கள். மூன்றே நிறம் உள்ள எனத்துக்கு '99' என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் எனம்.பார்ஸ் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

மூன்று ஃபங்ஷன் ஆகிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் பழைய ஃபங்ஷன் வெளியே 'எந்த டைப்பை வேண்டுமானாலும் கேள்' என்று சொன்னது. உள்ளே சில டைப்புக்குத்தான் வழி இருந்தது. அந்த இடைவெளியில் விழுந்தவர் கஸ்டமர். கன்ஸ்ட்ரெயின்ட் எழுதிய பிறகு, முடியாததைக் கேட்டால் நீங்கள் கோட் அடிக்கும்போதே சிவப்புக் கோடு வந்துவிடும். ஜெனரிக்ஸ் எழுதுவதில் நான் இன்றும் சந்தோஷப்படும் இடம் அதுதான்.

ஜெர்மன் பையர் அனுப்பும் ஃபைலில் விலை '4,85' என்று இருக்கிறது. எங்கள் இம்போர்ட் ப்ரோக்ராம் அதை 485 என்று படிக்கிறது. எரரே வரவில்லை. டெசிமல்.பார்ஸில் பக்-ஆ?
ஒரு வாசகி, திருப்பூர்

பக் இல்லை. நீங்கள் கேட்காததை அது தானாக அனுமதிக்கிறது, அவ்வளவுதான். டெசிமல்.பார்ஸின் வழக்கமான ஸ்டைலில் ஆயிரம் பிரிக்கும் கமாவுக்கு அனுமதி உண்டு. கமாவுக்கு இடையில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று அது எண்ணுவதில்லை. அந்தத் தாராளத்தால்தான் நம் ஊர் '1,25,000' தடையில்லாமல் உள்ளே போகிறது. '4,85'-ம் அதே வாசலில் நுழைந்து 485 ஆகிறது. இன்ட்.பார்ஸ் இப்படி இல்லை. கமாவைக் கண்டாலே ஃபார்மட் எக்ஸெப்ஷன். ஒரே ஜெனரிக் ஃபங்ஷனுக்குள் டி மாறும்போது விதியும் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். கூப்பிடுகிறவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

ஜெர்மன் கல்ச்சரைக் கொடுத்தால் 4.85 சரியாக வரும். ஆனால் அதே பையரின் இன்னொரு அலுவலகம் '4.85' என்று அனுப்பினால், ஜெர்மன் கணக்கில் புள்ளிதான் ஆயிரம் பிரிப்பது என்பதால், மறுபடியும் 485. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் இது ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் அடிக்கும் வரைக்கும் போய்விட்டது. பீஸ் விலையைக் கண்ணால் பார்த்த மெர்ச்சண்டைசர்தான் நிறுத்தினார்.

ஆகவே இரண்டு மாற்றம் செய்யுங்கள். கல்ச்சரை ஃபங்ஷனின் கட்டாயப் பராமீட்டர் ஆக்குங்கள், டிஃபால்ட் வைக்காதீர்கள். எந்தப் பையருக்கு எந்தக் கல்ச்சர் என்பது பையர் மாஸ்டரில் இருக்கட்டும். எண்களுக்கு மட்டும் ஐநம்பர்பேஸ் என்ற கன்ஸ்ட்ரெயின்ட் போட்ட தனி ஃபங்ஷன் எழுதுங்கள். அதில் நம்பர்ஸ்டைல்ஸ் வாங்கும் பார்ஸ் இருக்கிறது. தசமப் புள்ளிக்கும் முன்னால் வரும் குறிக்கும் மட்டும் அனுமதி கொடுத்து, ஆயிரம் பிரிப்பதற்கு அனுமதி கொடுக்காமல் விடுங்கள். அதன்பிறகு தவறான கல்ச்சரில் வந்த விலை உள்ளே போகாது, எரராக வெளியே நிற்கும்.

இன்னொன்று. ஜெர்மனியில் எக்ஸெலிலிருந்து சேமிக்கும் சிஎஸ்வி-யில் நெடுவரிசைகளைப் பிரிப்பது பெரும்பாலும் செமிகோலன், ஏனென்றால் கமா அங்கே தசமக் குறி. ஃபைலைப் படிக்கும் உங்கள் ரீடர் கமாவில் பிரிப்பதாக இருந்தால் '4,85'-ஐ இரண்டு நெடுவரிசையாக வெட்டிவிடலாம், அந்த இடத்தையும் ஒரு முறை பாருங்கள்.

தேதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. '05/06/2024' என்பதை இன்வேரியன்ட் கல்ச்சர் மே 6 என்று படிக்கும். நாம் எழுதியது ஜூன் 5. '25/06/2024' வந்தால்தான் எரர். அதாவது மாதத்தின் முதல் 12 நாட்கள் சத்தமில்லாமல் தப்பாகப் போகும், 13-ம் தேதி எல்லோரும் பதறுவார்கள். தேதிக்குப் பொதுவான ஜெனரிக் பார்ஸை நம்பாதீர்கள். ஃபார்மட்டை எழுதிக் கொடுத்து பார்ஸ்எக்ஸாக்ட் செய்யுங்கள். பையர் ஒத்துக்கொண்டால் வருடம், மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையில் கேட்டு வாங்குங்கள்.

ஜாவாவில் ஜெனரிக் மெத்தடுக்குள் 'டி.பார்ஸ்' என்று ஏன் எழுத முடியவில்லை?
ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஜாவாவில் ஓடும் நேரத்தில் டி என்று ஒன்று இல்லை. 2004-ல் ஜாவா 5-ல் ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பு எழுதிய கோடும் லைப்ரரிகளும் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக, கம்பைல் ஆனதும் டைப் பராமீட்டரை அழித்துவிடும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். டைப் எரேஷர் என்று உங்கள் பாடத்தில் வருவது அதுதான். மெத்தடுக்குள் நிற்கும்போது டி என்பது இன்டீஜரா, லோக்கல்டேட் என்ற தேதி டைப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வழி இல்லாதபோது கூப்பிடுகிறவரிடமே கேளுங்கள், தங்கச்சி. மெத்தடுக்கு இரண்டாவது பராமீட்டராக, ஸ்ட்ரிங்கை வாங்கி டி-யைத் தரும் ஒரு ஃபங்ஷனை வாங்குங்கள். ஜாவா 8-லிருந்து இன்டீஜரின் வேல்யூஆஃப், லோக்கல்டேட்டின் பார்ஸ், யூயூஐடி-யின் ஃப்ரம்ஸ்ட்ரிங் ஆகியவற்றை மெத்தட் ரெஃபரன்ஸாக அப்படியே கொடுத்துவிடலாம். எந்த டைப், எந்தப் பார்ஸ் என்று இரண்டும் கூப்பிடும் வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. இதை ஜாவாவின் குறையாக நான் நினைப்பதில்லை. சி ஷார்ப்பில்கூடச் சில இடங்களில் இப்படித்தான் எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பூலியனுக்கு பூலியன்.பார்ஸ்பூலியன் கொடுக்காதீர்கள். 'ட்ரூ' என்ற ஆங்கிலச் சொல் தவிர எது வந்தாலும், 'யெஸ்' ஆனாலும் '1' ஆனாலும் எழுத்துப்பிழை ஆனாலும், அது ஃபால்ஸ் என்றே சொல்லும். நீங்களே ஐந்து வரியில் ஒன்று எழுதுங்கள், தெரியாத சொல்லுக்கு எக்ஸெப்ஷன் போடுங்கள்.

டைப்பை நாம் ஏன் சொல்ல வேண்டும்? ஸ்ட்ரிங்கைப் பார்த்து ப்ரோக்ராமே கண்டுபிடித்துக்கொள்ளும்படி எழுதினால் என்ன?
ஒரு வாசகர், கோவை

எழுத முடியும். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரபணு ஆராய்ச்சியில் நடந்ததைச் சொல்கிறேன். மனித மரபணுக்களில் 'மார்ச்1', 'செப்ட்1' என்று சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்ஸெலில் அடித்தால் அது மார்ச் 1-ம் தேதி, செப்டம்பர் 1-ம் தேதி ஆகிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு வெளியான பட்டியல்களிலேயே மரபணுக்கள் தேதிகளாக மாறிக் கிடந்தன. கடைசியில் மென்பொருளைத் திருத்த முடியாமல் மரபணுக்களின் பெயரைத் திருத்தினார்கள். 2020-ல் பெயரிடல் குழு வெளியிட்ட விதிகளில் 'மார்ச்1' 'மார்ச்எஃப்1' ஆயிற்று, 'செப்ட்1' 'செப்டின்1' ஆயிற்று. செட்டிங்ஸ் எழுதப் பயன்படும் யாமல் 1.1 ஃபைல்களிலும் இதே கதை. நாட்டுக் குறியீடுகளை வரிசையாக எழுதினால் நார்வேயின் 'என்ஓ' மட்டும் 'நோ' என்று படிக்கப்பட்டு ஃபால்ஸ் ஆகிவிடும்.

நம் பக்கத்து உதாரணம், சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ்என் கோட். டி-ஷர்ட்டுக்கு 6109. பார்த்தால் எண், இன்ட்டில் அழகாக உட்காரும். அதே மென்பொருளைக் குன்னூரில் ஒரு தேயிலை வியாபாரி வாங்கினால் அவருடைய கோட் 0902. இன்ட்டில் 902 ஆகி, முன்னால் இருந்த சுழியம் திரும்பவே வராது. வங்கிக் கணக்கு எண்ணும் இப்படித்தான். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் அல்ல, ஸ்ட்ரிங்காகவே விடுங்கள். எதை மாற்றக் கூடாது என்பது அந்தத் தொழில் தெரிந்த மனிதருக்குத்தான் தெரியும். ஜெனரிக் ஃபங்ஷனில் டி-யை அவர் எழுதிக் கொடுப்பது அதற்காகத்தான்.

ரஸ்ட் கற்றுக்கொள்கிறேன். கீபோர்டிலிருந்து 42 என்று வாங்கி பார்ஸ் செய்தால் எரர் வருகிறது. 42 எண் இல்லையா?
ஒரு மாணவர், சேலம்

ரீட்லைன், நீங்கள் தட்டிய என்டரையும் சேர்த்தே தருகிறது தம்பி. பார்ஸுக்கு முன் ட்ரிம் போடுங்கள். சி ஷார்ப்பின் இன்ட்.பார்ஸ் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ளும், ரஸ்ட் பொறுக்காது. மற்றபடி நீங்கள் நல்ல இடத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். ஃப்ரம்ஸ்டர் என்ற ட்ரெயிட்டை (இன்டர்ஃபேஸ் போன்றது) எழுதிய எந்த டைப்புக்கும் ஒரே பார்ஸ் வேலை செய்யும். திரும்பி வருவது, மதிப்பு அல்லது பிழை இரண்டில் ஒன்றைச் சுமக்கும் ரிசல்ட் என்பதால், தோற்றுப்போவதை மறந்துவிட்டு மதிப்பை எடுக்கவே முடியாது. டாட்நெட் 2022-ல் கொண்டுவந்ததை ரஸ்ட் 2015-ல் முதல் பதிப்பிலேயே வைத்திருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் தமிழ் எண்களில் விடை எழுதும் சிறிய செயலி ஒன்றை சி ஷார்ப்பில் செய்கிறேன். சார்.இஸ்டிஜிட் வைத்துச் சோதித்தால் ௨௩ சரி என்கிறது. அடுத்த வரியில் இன்ட்.பார்ஸ் ஃபார்மட் எக்ஸெப்ஷன் போடுகிறது. ஏன் இந்த முரண்?
ஒரு தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடைக் கேட்டு இஸ்டிஜிட் பதில் சொல்கிறது. யூனிகோடில் ௦ முதல் ௯ வரை முழு உரிமையுள்ள தசம இலக்கங்கள். சுழியம் மட்டும் 2005-ல் 4.1 பதிப்பில் வந்து சேர்ந்தது. ஆனால் டாட்நெட்டின் இன்ட்.பார்ஸ் 0 முதல் 9 வரையான எழுத்துகளை மட்டுமே படிக்கும். ரஸ்ட்டும் அப்படியே. ஜாவாவின் பார்ஸ்இன்ட்டுக்கும் பைத்தானின் இன்ட்டுக்கும் ௨௩ கொடுத்துப் பாருங்கள், இரண்டும் 23 என்று சரியாகச் சொல்லும். சோதிக்கும் விதியும் படிக்கும் விதியும் ஒரே இடத்திலிருந்து வராததுதான் உங்கள் சிக்கல். இஸ்டிஜிட்டை விட்டுவிட்டு ட்ரைபார்ஸ் ஒன்றையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கங்களை மாற்றுவது எளிது. ௦ முதல் ௯ வரை யூனிகோடில் 3046 முதல் 3055 வரை வரிசையாக நிற்கின்றன. 3046-ஐக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு. ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) ஆகியவை 3056-லிருந்து தொடர்கின்றன, ஆனால் யூனிகோட் அவற்றைத் தசம இலக்கமாகக் கொள்ளவில்லை. பழைய முறையில் 234-ஐ ௨௱௩௰௪ என்று எழுதும் பிள்ளைக்கு ஜாவாவும் பைத்தானும்கூடக் கைகொடுக்காது.

அதனால் நீங்களே ஒரு டைப் எழுதுங்கள். சி ஷார்ப்பில் டைப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 'தமிழெண்' என்றே வையுங்கள். அதற்கு ஐபார்ஸபிள் எழுதிவிட்டால், பெருந்துறை வாசகருக்கு நான் சொன்ன அதே ஜெனரிக் ஃபங்ஷன் ஒரு எழுத்தும் மாறாமல் உங்கள் தமிழெண்ணையும் ஏற்றுக்கொள்ளும். அந்த ஃபங்ஷனை எழுதியவர் தமிழ் எண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூடத் தேவையில்லை.

உள்ளே விதி இப்படி இருக்கட்டும். ஸ்ட்ரிங்கில் ௰, ௱, ௲ எதுவுமே இல்லையென்றால் இடமதிப்பு முறையில் படியுங்கள். இருந்தால், ௰-க்கும் ௱-க்கும் முன்னால் உள்ள ஒற்றை இலக்கத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முன்னால் இலக்கம் இல்லையென்றால் ஒன்று என்று கொள்ளுங்கள், ௰௨ பன்னிரண்டு ஆவது அப்படித்தான். ௲ வந்தால் அதுவரை சேர்ந்த மொத்தத்தையும் ஆயிரத்தால் பெருக்குங்கள். ௰௲ பத்தாயிரமும் ௱௲ லட்சமும் அதில் சரியாக வந்துவிடும். தனியாக ௲ மட்டும் நின்றால் ஆயிரம். ௨௩௰ என்று ஒரு பிள்ளை இரண்டு முறையையும் கலந்து எழுதினால் 230 என்று ஊகிக்க வேண்டாம். ட்ரைபார்ஸ் ஃபால்ஸ் சொல்லட்டும், எந்த எழுத்தில் நின்றது என்பதைத் திரையில் காட்டுங்கள், பிள்ளை திருத்திக்கொள்ளும்.